எட்டு மணி விசில்

நாலு வருசம் மூத்திரம் போகாதவனுக்கு
அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று
உங்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.
திருவனந்தபுரத்தில், ஆறாம் நாள், குழாயை உருவிய பிறகு
ஆசுபத்திரிக் கழிப்பறையில் நின்று கேட்டேன்.
அடுத்த வார்டில் கிடந்த பெல்சிற்றா அக்காவுக்கு
நர்சிடம் ஒரே சொல் கொடுத்துவிட்டேன்: ஓடுது.
தையலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

அவள் கணவன் அப்போது ஆழ்கடலில்.
சூரை பிடிக்கப் போய் முப்பத்திரண்டு நாள்.
வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு
"அவளுக்க சாதனம், அவளுக்க இஷ்டம்" என்றார்.
பிறகு இரைச்சல்.

அதற்கு முன்னால்
செவ்வாய், வியாழன், சனி
தூத்தூரிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு முதல் பஸ்.
நாளைக்கு எழுநூறு மில்லி வெள்ளம்,
மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான்.
வாசலில் அத்தனை பெரிய கடலை வைத்துக்கொண்டு
நான் ஒரு ஐஸ்கட்டியை
கன்னத்துக்குக் கன்னம் ஒதுக்கிக் கிடந்தேன்.
இப்போது மூணு லிட்டர் குடி என்று உத்தரவு.
குடிக்கிறேன். சும்மாவும் குடிக்கிறேன்.

இடக்கையில் ஊசிக்காக இணைத்த ரத்தக்குழாய்
இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது.
காதை வைத்தால்
கரைக்கு வராத ஒரு போட்டின் எஞ்சின்.
அதனால் கடிகாரம் வலக்கையில்.

ஸ்டாப்பராக ஆடினவன் நான்.
இனி மோதல் கூடாது என்றார் டாக்டர்.
பந்து வயிற்றில் பட்டால்
இரண்டு வீட்டுக்கு நஷ்டம்.
ஓடலாமா என்றேன். ஓடு என்றார்.
முப்பத்தொன்பது வயதில் நடுவர் பரீட்சைக்குப் போனேன்.
பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் கடைசி ஆளாக வந்தேன்.
வந்தேன்.

விசிலை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை.
மீன் ஏலத்தில் முகக்கவசம். பம்பளிமாசு கிடையாது.
காலை எட்டு, இரவு எட்டு
போன் அலறும்போது கையில் என்ன இருந்தாலும் கீழே.

பங்குத் திருவிழா செவன்ஸ், இறுதி ஆட்டம்.
வரவேண்டிய நடுவருக்குக் காய்ச்சல்.
இரண்டு ஊர்க்காரர்களும் என்னையே நில் என்றார்கள்.
ஒன்றுக்கு ஒன்று. ஏழு ஐம்பத்தெட்டு.
பெட்டிக்குள் பின்னாலிருந்து காலை வாரினான்
எங்கள் டீமின் சஜின்,
பெல்சிற்றா அக்காவின் இளையவன்.
ஊதினேன்.

மைக்கையும் மீறி வந்தது அவள் குரல்:
"லே வின்சிலாசே!
எனக்க கிட்னிய வயத்துக்குள்ள வச்சிட்டு
எனக்க மவனுக்கே பெனால்ட்டியாலே?"

எதிர்த்த ஊர்க்காரனும் சிரித்தான்.
பந்தை வைத்தாகிவிட்டது. அடிப்பவன் பின்னால் நடக்கிறான்.
அப்போதுதான் போன் அலறியது.

கடிகாரத்தை நிறுத்தினேன்.
பையிலிருந்து சிமிழை எடுத்தேன். இரண்டு மாத்திரை.
ஆட்டமும் ஆயிரம் பேரும் விளக்குக் கம்பத்துப் பூச்சிகளும்
என் தொண்டைக்காகக் காத்திருக்க
பாட்டிலைக் காணவில்லை.
சஜின்தான் கோட்டுக்கு வெளியே ஓடிப்போய்
யாருடையதோ திறக்காத பாட்டிலைப் பிடுங்கி வந்தான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான்.
ஒரு சொல் இல்லை.

இழந்த நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை.
எனக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று
எந்தப் பலகையிலும் காட்டவில்லை.
பத்து வருசம் என்கிறார்கள், இருபதும் உண்டு என்கிறார்கள்.
விசிலைத் துடைத்து வாயில் வைத்தேன்.

கோல்.
தோற்றோம்.

இரண்டு நாள் அக்கா பேசவில்லை.
மூன்றாம் நாள் சஜினை அனுப்பினாள்,
இந்த மாசம் கிரியாட்டினின் எத்தர என்று கேட்டு வர.

ஒண்ணு புள்ளி ரெண்டு என்று சொல்.
பெனால்ட்டி பெனால்ட்டிதான் என்றும் சொல்.